கோரா தமிழுக்குக் கருமாதிப் பத்திரிகை அடிப்பவர்கள்

கோரா தமிழ் செத்துவிட்டது. அதைக் கொன்றது செயற்கை நுண்ணறிவு. அழுவதற்கு அதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் அங்கே உருப்படியாக எதுவும் எழுதப்படவே இல்லை. எழுதப்பட்ட உருப்படியானவை எல்லாம் எந்திரத்தின் வயிற்றில் பத்திரமாக இருக்கின்றன. கொழும்பிலிருந்து வரும் ஒரு சஞ்சிகையில் நண்பர் ஒருவர் நாலு பக்கத்துக்கு நீட்டியிருப்பதன் சாரம் இவ்வளவுதான். படித்து முடித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வராதவர்கள் இந்த எதிர்வினையைத் தொடரவேண்டியதில்லை, அவர்களுக்கு நண்பரே போதும். முதல் பக்கத்தில் செத்துப்போன ஒன்று இரண்டாம் பக்கத்தில் பிறக்கவே இல்லை என்கிறார், நாலாம் பக்கத்தில் அதற்கே சாகாவரமும் கொடுக்கிறார். செத்தது, பிறக்காதது, சாகாதது என்ற மூன்று நிலையையும் ஒரே பொருளின்மேல் ஏற்றிச் சொல்லப் பிரம்மத்தைப் பற்றி எழுதுபவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு கேள்வி-பதில் தளத்தைப் பற்றி எழுத வந்தவர் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாமா?

பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். இதே பாட்டை நாலைந்து பேர் மேடைக்கு மேடை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு மட்டும் விளம்பரம் கொடுப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கொலை வழக்கிலிருந்து தொடங்குவோம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் திகதி வெளியானது. அடுத்த ஆறு மாதத்தில் நிரலாளர்களின் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிவுகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன என்று, அந்த எந்திரம் எளிதில் எட்டாத ரஷ்ய, சீனத் தளங்களோடு ஒப்பிட்டு, 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நண்பர் இதை எடுத்துக் காட்டுகிறார், சரியாகவே காட்டுகிறார், கட்டுரையில் அவர் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்பதால் இரண்டு தடவை சொல்கிறேன். ஆனால் ஓர் ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு அது சொல்லாததையெல்லாம் அதன் வாயால் சொல்லவைப்பது ஆராய்ச்சியா, பொய்ச்சாட்சி தயாரிக்கும் வேலையா? நிரலில் ஒரு வரி பிழைத்தால், எந்திரம் கொடுத்த திருத்தத்தை அந்த நிமிடமே ஓட்டிப் பார்த்துவிடலாம். ஓடினால் சரி, ஓடாவிட்டால் பிழை. ‘அப்பா செத்தபிறகு அவர் பேரில் இருந்த வீட்டை உங்கள் பேருக்கு எப்படி மாற்றினீர்கள்?’ என்று ஒருவன் கேட்டால் அந்தப் பதிலை எந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது? ஆறு மாதம் கச்சேரிக்கு நடந்து திரும்பி வந்தவனிடம்தான் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

இந்தக் குலத்தில் விழுந்த பழைய சாவுகளையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். கூகுள் ஆன்சர்ஸ் 2002இல் தொடங்கி 2006இல் கடையைக் கட்டியது. யாஹூ ஆன்சர்ஸ் 2005இல் பிறந்து 2021 மே 4ஆம் திகதி மூடப்பட்டது, அதாவது சாட்ஜிபிடி கண் திறப்பதற்கு ஒன்றரை வருடம் முன்னால். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே கேள்விகளின் உச்சம் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. கொலை நடந்த நேரத்தில் பிறந்தே இராதவனைப் பிடித்து வந்து கூண்டில் ஏற்றும் துப்பறிவாளரைத் தமிழ்வாணன் தன் சங்கர்லாலுக்குத் தேநீர் போடக்கூட வைத்துக்கொண்டிருக்கமாட்டார்.

கோராவின் சொந்தக் கதை இன்னும் சுவையானது. நண்பர் அதை ஒரு வரியில் தாண்டிப் போனதன் காரணமும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஆடம் டி ஏஞ்சலோவும் சார்லி சீவரும் 2009இல் தொடங்கி 2010இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தளம் அது. தமிழுக்கு வந்தது 2019இல். அதற்கு முந்திய வருடம் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கேள்வி கேட்பவருக்குக் காசு, பதில் எழுதுபவருக்குக் கும்பிடு. இரவு முழுக்க உட்கார்ந்து ஆதாரம் தேடி எழுதியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. வெங்காயத்தின் நன்மைகள் யாவை, சின்ன வெங்காயத்தின் நன்மைகள் யாவை, வெள்ளை வெங்காயத்தின் நன்மைகள் யாவை என்கிற ரகத்தில் கேள்வியை மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்பவருக்கு டாலர். பதிலால் வாழும் ஓர் இடத்தில் பதிலை இனாமாகவும் கேள்வியைக் கூலிக்கும் வைத்த மூளையைப் பற்றி நண்பருக்கு ஒரு சொல்கூட இல்லை. 2021இல் சொந்தப் பெயரில்தான் எழுதவேண்டும் என்ற விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை ஒரு பதிலுக்குப் பின்னால் நின்ற ஒரே ஜாமீன் அந்தப் பெயர்தான். 2022 முடியும் தறுவாயில் ‘போ’ என்ற எந்திர உரையாடல் செயலி வந்தது. அடுத்த வருடமே மனிதர் எழுதிய பதில்களின் தலைமேல் எந்திரத்தின் பதிலை ஏற்றி உட்காரவைத்தார்கள். 2024 ஜனவரியில் ஆண்ட்ரீசன் ஹொரோவிட்ஸ் நிறுவனம் 7.5 கோடி டாலர் முதலீடு செய்தபோது, அதில் பெரும்பகுதி ‘போ’வில் பாட் செய்து கொடுப்பவர்களுக்குப் போகும் என்று நிறுவனமே அறிவித்தது. டி ஏஞ்சலோ 2018இலிருந்தே, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயின் இயக்குநர் சபையிலும் இருப்பவர். ஆக, எந்திரம் சுவரேறிக் குதித்து வரவில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து நடுக்கூடத்தில் பாய் விரித்திருக்கிறார்.

பாய் விரித்து உட்காரவைத்த பெரியமனிதர் என்ன உபதேசித்தார்? முட்டையை உருக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், அடுப்பில் வைத்தோ மைக்ரோவேவில் வைத்தோ உருக்கலாம் என்று கோராவில் அது எழுதிய பதிலை, 2023இல் கூகுள் தேடல் தன் பக்கத்தின் உச்சியில் எடுத்துவைத்து ஊருக்கே காட்டியது. முட்டையை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அதுவும் தெரியாமல் போனது உலகின் மாபெரும் இரண்டு அறிவுக் களஞ்சியங்களுக்கு மட்டும்தான்.

இவ்வளவும் பகிரங்கமான செய்தி. இத்தனையையும் மூடிவைத்து, ‘தொழில்நுட்பத்தின் தவிர்க்கமுடியாத பரிணாமம்’ என்று நண்பர் ஒரு போர்வை போர்த்துகிறார். முதலாளி எடுத்த முடிவை இயற்கை நியதியாக்கிக் காட்டும் இந்த வித்தை தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. சம்பளம் கேட்டுப் போன போதெல்லாம் ஏலத்தில் தேயிலை விலை விழுந்துவிட்டது என்றார்கள், மழை பொய்த்துவிட்டது என்றார்கள். எந்தக் காலத்திலும் துரையின் கை எதிலும் பட்டதாகச் சரித்திரமே கிடையாது.

அடுத்தது, தமிழர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்ற கண்டுபிடிப்பு. கோராவில் சினிமா, சாதி, ஜாதகம் தவிர வேறென்ன இருந்தது, சுஜாதா பதில் சொன்ன பொற்காலத்தோடு பார்த்தால் இது வெறும் சந்தைக்கடை என்கிறார். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்ததை நண்பர் சாதாரண தரப் பரீட்சைக்காவது மனப்பாடம் செய்திருப்பார். அந்த ஆறில் அறியாமல் கேட்பது ஒன்றே ஒன்று. அறிந்துகொண்டே கேட்பது, ஐயத்தில் கேட்பது, வாங்கக் கேட்பது, கொடுக்கக் கேட்பது, வேலை ஏவக் கேட்பது என்று மீதி ஐந்தும் வேறு காரியத்துக்கானவை. விடையை எட்டாக அடுக்கியவர் அதில் ‘உற்றது உரைத்தல்’ என்று ஒன்றையும் வைத்தார். ஆடுவாயா என்று கேட்டால் கால் வலித்தது என்று தனக்கு நேர்ந்ததையே விடையாகச் சொல்வது அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து வேலையிருக்கிறது. இப்போதைக்குச் சொல்லவேண்டியது, கேட்பவன் எல்லாம் அறியாதவன், பதில் என்றால் தகவல் என்று எண்ணிக்கொண்டிருக்கும் இருபத்தோராம் நூற்றாண்டு மேதைக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமண முனிவர் கொஞ்சம் மேல்வகுப்பாகப் படுகிறார் என்பது.

சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ எனக்கும் பிடித்ததுதான். குமுதத்தின் ‘அரசு பதில்கள்’, துக்ளக்கில் சோவின் பதில்கள் என்று அந்த வரிசையைப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் அந்த அரங்கின் அமைப்பு என்ன? பதில் சொல்பவர் ஒருவர். கேள்வியைப் பொறுக்குவது ஆசிரியர் குழு. சில கேள்விகளை அவர்களே எழுதிக்கொள்கிறார்கள் என்ற வம்பு அந்தக் காலத்திலேயே உண்டு. பதில் பிழை என்றால் கடிதம் போடலாம். கடலைத் தாண்டிச் சென்னைக்குப் போய்ச் சேரும் கடிதம் அச்சேறுமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கெட்டிக்காரர் ஒருவர் மேடையில், மற்றவர் எல்லாம் கீழே என்ற ஏற்பாட்டைப் பொற்காலம் என்றும், கண்டவனும் பதில் எழுதிக் கண்டவனும் அதைத் திருத்திய இடத்தைச் சந்தைக்கடை என்றும் சொல்பவருக்கு உண்மையில் எரிவது பதிலின் தரமா, எழுதியவனின் தராதரமா?

கொரியாக்காரர்கள் இந்தச் சந்தைக்கடையை வைத்து என்ன செய்தார்கள் என்பதும் சொல்லப்படவேண்டும். 2002இல் நேவர் நிறுவனம் ‘ஜிஷிக் இன்’ என்ற கேள்வி-பதில் சேவையைத் தொடங்கிய காலத்தில் இணையத்தில் கொரிய மொழியில் தேடினால் கிடைத்தது சொற்பம். சனத்தையே கேட்கவைத்து, சனத்தையே எழுதவைத்து, அந்தக் குவியலைத் தேடலுக்குத் தீனியாக்கினார்கள். கூகுள் நெடுங்காலம் அங்கே வாசலிலேயே நின்றது. அந்தக் குவியலில் மட்டும் எல்லாரும் தத்துவமா கேட்டிருப்பார்கள்? சினிமாவும் பருவும் பரீட்சையும் கேட்கிற கூட்டத்துக்குள்தான் மற்றதும் வந்து சேரும்.

மற்றது என்ன என்று ஒன்றைக் காட்டுகிறேன். மலையகத் தமிழர் என்றால் யார், அவர்கள் ஏன் இந்தியாவுக்கே திரும்பிவிடக்கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்து ஒருவன் கேட்பான். விஷமம் கிடையாது, அவனுக்கு இலங்கைத் தமிழன் என்றால் யாழ்ப்பாணம், அவ்வளவுதான். வந்து இருநூறு வருடம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்த ஒரு சனம் இந்த மலைகளில் இருப்பது அவன் காதில் விழுந்ததே இல்லை. பதுளையிலிருந்து ஒருவர் எங்களை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைச் சொல்வார். இன்னொருவர் 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்தே கால் லட்சம் பேர் உங்களுக்கு, மூன்று லட்சம் பேர் எங்களுக்கு என்று பங்கு பிரித்ததைச் சொல்வார், பங்காகிப்போனவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்து. பிறகு கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ ஒருவர் வருவார்: தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி வந்தார், இங்கேயும் தேயிலைதான், டேன்டீ தோட்டத்தில் வேலை, பக்கத்து ஊர்க்காரர் இன்னமும் எங்களைச் சிலோன்காரன் என்கிறார். அதற்குக் கீழே பசறையிலிருந்து ஒரு பெண், தன் பெரியப்பா குடும்பம் அந்தப் பக்கம்தான் போனதாகச் சொல்வார்கள், பெயர் சொன்னால் தெரியுமா என்று விசாரிப்பாள். கேட்டவனுக்குப் பதில் கிடைத்ததோ இல்லையோ, கேட்காத இரண்டு பேருக்குக் கிடைத்துவிட்டது. சந்தைக்கடை என்கிறாரே, பிரிந்துபோன சொந்தம் வேறெங்கே எதிர்ப்படும், நண்பரின் கருத்தரங்க மேடையிலா?

இனி என்னைப் பேனா எடுக்கவைத்த வரிக்கு வருகிறேன். தெமோதரைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் பிள்ளைக்கும் இன்று சட்டைப்பைக்குள் ஒரு பேராசிரியர் கிடைத்துவிட்டாராம். ஊர்ப்பெயர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். எல்ல ஸ்டேஷனில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தில் படமெடுத்துக்கொண்டு, பதுளைக்குப் போகும் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு போனால் அடுத்து வரும் ஸ்டேஷன் எங்களுடையது. பார்த்திருப்பார். தேயிலைக்கு நடுவே தகரக் கூரைகளும் தெரிந்திருக்கும். அதற்குள் இருக்கும் பிள்ளைக்காக உருகுவதற்கு இவ்வளவு பரிச்சயம் போதும் போலிருக்கிறது.

பேராசிரியரை முதலில் எட்டவேண்டும். 2021 பெருந்தொற்றுக் காலத்தில் இதே ஊவாவில் பொஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடிக் காட்டுவழி நடந்து பாறை ஏறியதை வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூடப் படம் போட்டன. நண்பர் அந்த வாரம் பத்திரிகை பார்க்கவில்லை. எட்டிய பின் கட்டணம். இலவசமாகக் கிடைப்பது மட்டம், மாதம் 20 டாலர் கட்டி வாங்குவதுதான் அசல் என்று அவரே எழுதுகிறார். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். 20 டாலர் என்றால் கிட்டத்தட்ட 6,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் நாலரை நாள் பேர் விழவேண்டும், கொழுந்து நிறுவையில் கழிவு போனது தனி. அசல் பேராசிரியர் கொழும்புக்கு, மட்டமான பேராசிரியர் லயத்துக்கு என்ற இந்தப் பங்கீட்டுக்குத்தான் ‘அறிவின் ஜனநாயகம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்.

சரி, இலவசப் பேராசிரியரிடமே ஒரு கேள்வி கேட்போம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் கேள்விதான்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது விதமாக ஒன்று, அம்மா ஓய்வுபெற்றுவிட்டாள், ஊழியர் சேமலாப நிதியை எப்படி எடுப்பது? நான் தமிழில் கேட்டபோது எந்திரம் பணிவாக, தடங்கலில்லாமல், ஆதாரைத் திருத்திவிட்டு யூஏஎன் எண்ணுடன் இணைக்கச் சொன்னது. இந்தியக் குடிமகனுக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம்; எந்திரம் தின்ற தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ் என்பதால் அது நம்மைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் எதுவும் இல்லாமலே இந்தியாவுக்கு அனுப்பிவைக்கிறது. சிறிமா-சாஸ்திரிக்குப் பல வருடம் எடுத்த காரியம் இப்போது இரண்டு வினாடியில் முடிகிறது. இதே வழியில் நடந்து வந்த மனிதர் ஒருவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள், தோட்டத்து ஆபீசில் கடிதம் வாங்கு, அந்தக் கிளாக்கர் இன்ன கிழமைதான் இருப்பார், தொழில் திணைக்களத்தில் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதே, நான் கொடுத்துவிட்டு அலைந்தேன் என்பார். அந்தக் கடைசி வாக்கியம்தான் பவணந்தி சொன்ன உற்றது உரைத்தல். அலைந்த கால் வேண்டும் அதைச் சொல்ல. எந்திரத்துக்கு உற்றது என்று என்ன இருக்கிறது, மின்வெட்டா?

இங்கே நண்பர் குறுக்கிட்டு, அடுத்த பதிப்பில் இதெல்லாம் திருந்திவிடும் என்பார், கட்டுரையிலும் சொல்லியிருக்கிறார். எதைத் தின்று திருந்தும்? அடுத்த பதிப்புக்கு வேண்டிய இலங்கைத் தமிழ்ப் பதிலை யாரோ ஒருவர் எங்கோ பகிரங்கமாக எழுதவேண்டும். எழுதுகிற இடம் ஒழியட்டும் என்பதும் எழுதியதைத் தின்று எந்திரம் வளரட்டும் என்பதும் ஒரே மனிதரின் ஒரே கட்டுரையில் இரண்டு பக்க இடைவெளியில் வருகின்றன. விதைநெல்லைப் பொங்கித் தின்றுவிட்டு மறுபோகத்துக்கு விளைச்சல் கணக்குப் போடுபவரை ஊரில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று எழுதினால் இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

பிழையான பதில் அங்கேயும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, தாராளமாக. எங்கள் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதை ஒரு வளையமாகச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த ஸ்டேஷனுக்கு நேர் கீழே 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் புகுந்து போகும். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டால், கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்த பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்குப் பளிச்சென்று தோன்றியது என்ற கதை உடனே வரும். அழகான கதை. உல்லாசப் பயணிகளுக்குக் கைடுகள் சொல்வது, இப்போது எந்திரமும் சொல்வது. மனிதர் கூடிய இடத்தில் அது சும்மா போகாது. டார்ஜிலிங் மலை ரயிலில் 1880களிலேயே வளையம் போட்டாயிற்று, சுவிற்சர்லாந்தில் புரூசியோ வளையம் 1908இலேயே ஓடியது, பதுளை வரை பாதை திறந்ததோ 1924இல், படித்த பொறியியலாளருக்கு இதற்குத் தலைப்பாகை எதற்கு என்று ஒருவன் மடக்குவான். இன்னொருவன் வந்து, சுரங்கம் வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கதையில் தலைப்பாகைக்கு மட்டும் இடம் கிடைத்ததே, அதன் கீழிருந்த தலைக்கு என்ன கிடைத்தது என்று கேட்பான். பிழை அங்கே பிழையாகவே கிடந்து, பக்கத்திலேயே உதையும் வாங்கியது; வாசிப்பவன் இரண்டையும் பார்த்தான். எந்திரத்தின் பதிலில் உதைக்க இடமே இல்லை. அது உங்களிடம் ஒன்று சொல்லும், எனக்கு இன்னொன்று சொல்லும், நாமிருவரும் அதை ஒப்பிட்டுப் பார்க்கப்போவதில்லை.

சாகாவரத்துக்கு வருவோம். எல்லாப் பதிலும் எந்திரத்துக்குள் வாழ்கிறதாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 2021இல் 180 கோடி டாலருக்கு புரோசஸ் நிறுவனம் வாங்கியது. அதில் பதில் எழுதியவர்களுக்குப் பங்கு கிடையாது. 2024 மே மாதம் அதன் உள்ளடக்கத்தை ஓப்பன்ஏஐக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் வந்ததும், நான் எழுதியதை நானே அழித்துவிடுகிறேன் என்று கிளம்பியவர்களின் கணக்குகள் இடைநிறுத்தப்பட்டன. சாகாவரம் பெற்றவர் தன் பதிலைத் தானே அழிக்க முடியாது, தன் பெயரையும் அதில் பார்க்க முடியாது. இதற்குப் பெயர் வாழ்வா? உயிலே எழுதாமல் சொத்தைப் பறிகொடுத்தவனிடம், கவலைப்படாதே, உன் காணி பத்திரமாக என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லும் ஆறுதல் இது.

கோரா தமிழ் பிழைத்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. நண்பரைப்போல் சோதிடம் பார்க்க எனக்கு நேரமில்லை, ஆனாலும் கேட்டால் சொல்வேன். மூடமாட்டார்கள், குறைந்தது உடனே. ஆட்கள் போய், எந்திரமே கேட்டு எந்திரமே பதிலெழுதும் பக்கங்களுக்கு நடுவே விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அமெரிக்காவில் யாரோ கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, தமிழ்ப் பிரிவின் வருமானம் சேர்வருக்குக் கட்டாது என்பார். அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். யாஹூ ஆன்சர்ஸ் தன் எழுத்தாளர்களுக்கு அறிவித்து ஒரு மாதத்தில் கடையை மூடியது. எழுதியதைப் பதிவிறக்கிக்கொள்ள ஜூன் 30 வரை தவணை கொடுத்தது. அந்தத் தவணையாவது நமக்குக் கிடைக்குமா? நல்ல பதில் எழுதியவர்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுக்களுக்கும் முகநூல் குழுக்களுக்கும் ஒதுங்கிவிட்டார்கள். அங்கே இன்று எழுதியதை நாளை தேடி எடுக்க முடியாது. இது உண்மையான இழப்பு. நண்பரின் கட்டுரையில் இதற்கு இடமில்லை, ஏனென்றால் இதற்குக் குற்றவாளி எந்திரம் என்று சொல்ல வழியில்லை.

தமிழர்கள் வேறுமாதிரி செய்யத் தெரியாதவர்களும் அல்ல. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு உருக்கொடுத்தவர் மயூரநாதன், இலங்கைக்காரர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளோடு மலையக ஏடுகளையும் ஒவ்வொன்றாக மின்வடிவில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் முதலாளி இல்லை, எழுதியவன் பெயர் அழிவதில்லை, இரவோடு இரவாகப் பூட்டுப் போட யாராலும் முடியாது. கோராவில் கிடக்கும் நல்ல பதில்களை எழுதியவர்களே பிரதி எடுத்து இப்படியான இடங்களுக்குக் கொண்டுவர என்ன தடை? சோம்பல் ஒன்று. அதெல்லாம் செத்துவிட்டது, எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நண்பர் மாதிரிப் பெரியவர்கள் தாலாட்டுப் பாடுவது இன்னொன்று.

தாலாட்டு ஏன் என்பதற்குக் கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பெரும்பாலானோர் அதுவரை தாக்குப்பிடித்திருக்கமாட்டார்கள் என்பதால் எடுத்துச் சொல்கிறேன். எந்திரத்திடம் கேள்வி கேட்பது எப்படி என்று வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறாராம், கட்டணத்துக்கு. கேள்வி கேட்கத் தெரியாத இனம் என்று இரண்டாம் பக்கத்தில் நம்மைத் தீர்த்துக்கட்டியதன் பொருளாதாரம் அங்கேதான் விளங்கியது. அதற்கும் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. இனி மனிதர் மனிதரிடம் கேட்கவேண்டிய தேவையே இல்லை என்று நாலு பக்கம் எழுதி முடித்தவர், அந்த முகவரிக்கு மேலே இப்படிப் போட்டிருக்கிறார்: வாசகர்கள் தங்கள் கேள்விகளை அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் நானே நேரில் பதிலெழுதுவேன்.